நாற்பத்திரண்டு சுற்று

எனக்குப் பிரஷர் கிடையாதே என்றேன்.
"தெரியும். இது கனவுக்கு" என்றார் டாக்டர்,
திருவாரூர் மருத்துவக் கல்லூரி, பதினொன்றாம் எண் அறை.
படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை
கையில் பட்டை சுற்றி அளந்தார்.
ராத்திரிக்கு ஒன்று. தாங்கினால் அடுத்த வாரம் இரண்டு.
"சட்டுன்னு எழுந்திரிக்காதீங்க.
காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து
இருபது எண்ணிட்டு எழுந்திரிங்க."

எண்ணுவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோரையாற்று மதகில் நான் லஸ்கர்.
மூன்றாவது ஷட்டரை முழுசாக இறக்க
நாற்பத்திரண்டு சுற்று.
முறை வைத்துத் தண்ணீர் விட்ட மாதம், விடியற்காலை நாலு மணி.
நீடாமங்கலத்துக்குக் கத்தரிக்காய் ஏற்றி வந்த டெம்போ
வளைவில் திரும்பாமல்
மதகுக்குக் கீழே தலைகுப்புற இறங்கிற்று.
கதவு சேற்றில். கண்ணாடி தண்ணீரில்.
உள்ளேயிருந்து தட்டினான்.

நான் குதிக்கவில்லை.
தண்ணீர் நின்றால் வண்டி வெளியே தெரியுமென்று
மேலே ஓடிச் சக்கரத்தைப் பிடித்தேன்.
அதுதான் சரி என்றார் இன்ஜினியர்,
அதுதான் சரி என்றார்கள் தீயணைப்புக்காரர்கள்.
முப்பத்தொன்றாம் சுற்றில் தட்டல் நின்றது.

மிச்சப் பதினொன்றையும் சுற்றினேன்.

அருள்தாஸ். பாபநாசம் பக்கம்.
பேரே மறுநாள் பேப்பரில்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து தினம் ராத்திரி சுற்றுகிறேன்.
சக்கரமென்று நினைத்து
வேம்பரசியின் மணிக்கட்டை முறுக்கியிருக்கிறேன்.
முதலில் வளையலைக் கழற்றிவைத்துப் படுத்தாள்,
பிறகு நடுவில் தலையணை,
பிறகு அடுத்த அறை.

மாத்திரை தட்டலை நிறுத்தவில்லை.
கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் வைத்தது,
ஆற்றுக்கு அக்கரையில் யாரோ மூங்கில் பிளப்பதுபோல்.
காலையில் பனியன் காய்ந்திருந்தது.
அதை மட்டும் வேம்பரசி இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள்.

வியாழக்கிழமைகளில் ரஹ்மத் நிஷா.
கூத்தாநல்லூர்க்காரர், மனநல ஆலோசகர்.
"கனவை எழுதுங்க. எங்க வேணும்னாலும் மாத்துங்க.
மாத்தினதைப் பகல்ல, தெளிவா முழிச்சிருக்கையில,
பத்து நிமிஷம் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்க."

நீர்மட்டம் எழுதும் நோட்டில் பின்பக்கம் எழுதினேன்.
கண்ணாடி உடைகிறது. அவன் மேலே வருகிறான்.
என் துண்டால் தலை துவட்டுகிறான். டீ குடிக்கிறோம்.
மூன்று நாள் ஓட்டினேன்,
என் கையே நம்பவில்லை.

"பொய்யா இருக்கு மேடம்."
"அப்ப காப்பாத்த வேண்டாம்.
அந்த நேரத்துல வேற என்ன செய்யணும்னு இருந்துச்சு?"

விசாரணையில் மணி கேட்டார்கள்,
சாவி யாரிடம் என்று கேட்டார்கள்,
கிரீஸ் போட்ட தேதியைக் கேட்டார்கள்.
இதை யாரும் கேட்டதில்லை.
அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று.
வெளியே அடுத்த ஆள் காத்திருந்தார்.

இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்:
முப்பதாம் சுற்றில் சக்கரத்தை விடுகிறேன்.
இறங்குகிறேன். மார்பளவுத் தண்ணீர், குளிர்.
கண்ணாடியில் உள்ளங்கையை வைக்கிறேன்.
அவன் தட்டுகிறான்.
நானும் தட்டுகிறேன்.
அருள்தாஸ், இருக்கேன்யா, இங்கதான் இருக்கேன்.

அவ்வளவுதான். அதற்குமேல் எழுத வரவில்லை.

வாரத்தில் ஆறு ராத்திரி நாலாயிற்று,
ஆடியில் ஒன்று.
ஐப்பசி அடைமழையில் மறுபடி மூன்று.
மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார்கள்.
தலை சுற்றி ஒருநாள் குளியலறைச் சுவரைப் பிடித்தேன்.
வேம்பரசி பாயை நிலைப்படிவரை கொண்டுவந்திருக்கிறாள்,
இன்னும் உள்ளே வரவில்லை.

நேற்றுப் பின்னிரவு, தட்டல்.
கண் விழித்தேன். நிற்கவில்லை. கதவில்.
"லஸ்கரே! மேல்வயக்காரன் மறிச்சிட்டான்,
எங்க மடைக்குச் சொட்டுத் தண்ணி வரல."

"வரேன், இருங்க."

காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன்.
ஒன்று. இரண்டு.
வெளியே அவர் திட்டிக்கொண்டே நின்றார்.
பத்தொன்பது.