உப்பு பூத்த சுவர்

நான்காம் முறையும் சுவர் உப்பு பூத்த காலையில்
சம்பங்கி மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை.
கரணையைக் கழுவினார்,
வெயிலில் சாய்த்துவைத்தார்,
டீ குடிக்கப் போய்விட்டார்.

சையத் பாஷா மலையின் பாறைச்சூடு
நேராய் வந்து முகத்தில் அறையும் பழையபேட்டைத் தெருவில்
பல் ஆஸ்பத்திரிக்கென்று வாங்கிய கட்டடம்.
எக்ஸ்ரே அறைக்கு இடமுண்டா என்று அளக்க வந்தவள்
அண்ணாந்து பார்த்துத் தொலைத்தேன்.
அத்தனை தேக்கு.
"எல்லாம் ஆதியில் இருந்தபடியே வேணும்" என்றேன்.
"ஆதின்னா எந்த வருசம் மேடம்?"
நான் சிரித்தேன்.
சம்பங்கி சிரிக்கவில்லை.

செல்போன் கடையின் ஆரஞ்சைச் சுரண்டினோம்,
அதற்கடியில் டியூஷன் சென்டர் பச்சை,
அதற்கடியில் யாருடைய கல்யாணத்துக்கோ அடித்த ரோஸ்,
அதற்கும் அடியில்
நீலம் கலந்த சுண்ணாம்பு.
கிடைத்துவிட்டது என்று கூவினேன்.
கிடைத்தது உள்ளங்கை அகலம்.
மிச்ச நீலமெல்லாம் ஆரஞ்சோடு ஒட்டிக்கொண்டு
தட்டு தட்டாய்க் கையோடு வந்தது.

உத்திரத்தில் ஆணியை வைத்துப் பார்த்தார் இம்தியாஸ்.
வாழைத்தண்டில் இறங்குவதுபோல் இறங்கியது.
சுத்தியலை அவர் எடுக்கவே இல்லை.

வாசல் தலைக்கு மேலிருந்த அரைவட்டக் கம்பிவேலை
காவேரிப்பட்டணம் ரோட்டில்
ஒரு ஆட்டுப்பட்டிக்குக் கதவாய் இருப்பதாய்ச் சேதி வந்தது.
பதினோராயிரம் கொடுத்து,
ஆடுகளுக்குப் புதுக் கதவும் செய்து கொடுத்து,
டெம்போவில் ஏற்றி வந்து தூக்கிப் பொருத்தினால்
மூன்றங்குலம் அகலம் கூடுதல்.
"உங்க வூட்டுதுன்னு நான் சொன்னனா?" என்றார் பட்டிக்காரர்.
சொல்லவில்லைதான்.

சுவர் மட்டும் கைகொடுக்கும் என்றிருந்தேன்.
கடுக்காய்த் தண்ணீரில் பதினைந்து நாள் ஊறிய சுண்ணாம்பு,
கண்ணாடி போலத் தேய்த்த பூச்சு.
மூன்றாம் வாரம் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து
அப்பளம்போல் உப்பி விழுந்தது.
பேப்பர்க் கூழை அப்பி உறிஞ்சப் பார்த்தோம்.
இரண்டு ஃபேன் வைத்து உலர்த்தினோம்.
சேலத்து இன்ஜினியர் தட்டிப் பார்த்து
"சிமென்ட் அடிச்சிடுங்க" என்றபோது
அவருக்கு டீ கூடச் சொல்லாமல் அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் சுவரை விரலால் வழித்து
நாக்கில் வைத்தேன்,
பல் டாக்டர் செய்யக் கூடாத காரியம்.
உப்பு.
அதன் பின்னால், வெகு பின்னால்,
புளிப்பு.

பழைய வரி ரசீதில் இருந்தது: புளி மண்டி.
நாற்பது வருஷம்
உப்புப் போட்டு மிதித்த புளி மூட்டைகள்
இந்தச் சுவரில் சாய்ந்தே கிடந்திருக்கின்றன.

மீட்டர் பெட்டியைக் கழற்றினபோது பின்னால் கரிக்கட்டையில் கணக்கு.
அஞ்செட்டி 118. ஊத்தங்கரை 62.
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
கீழே பாக்கி என்று எழுதி ஒரு தொகை.
போட்டோ அப்புறம் எடுக்கலாம் என்று விட்டேன்.

உப்பு போக வேண்டுமென்றால்
ஐந்தடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தித்தான் ஆகவேண்டும்.
கொத்தச் சொன்னவளும் நானே.
திங்கட்கிழமை, ராயக்கோட்டை ரோடு பழைய கிளினிக்கில்
ஒருவருடைய ஞானப்பல்லோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து சேர்ந்தால்
சுவர் செங்கலாய் நிற்கிறது,
சுத்தமாய், சொன்னபடியே.
சிமென்ட் சாக்குகளில் குப்பை.
கொட்டித் தேடினேன்.
'ஞ்செ' கிடைத்தது.
ஒரு குறுக்குக்கோடு கிடைத்தது.
சம்பங்கியும் குந்தி உட்கார்ந்து தேடினார்,
எதைத் தேடுகிறோம் என்று கேட்காமல்.

அதற்கப்புறமும் பூசினோம். அதற்கப்புறமும் பூத்தது.

டீ குடித்துவிட்டு வந்தவர் கேட்டார்:
"அஞ்சாம் தடவை போடலாங்களா?"
வேண்டாம் என்றேன்.
நாற்காலிகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டோம்,
யார் சட்டையிலும் வெள்ளை ஒட்டாதபடி.

தை மாதம் திறந்தோம். முதல் டோக்கன்
கன்னம் வீங்கிய ஒரு பையன்.
அவன் அம்மா பேர் எழுதிக்கொண்டிருந்த நேரம்
எழுந்துபோய்
சுவரை ஒரு நக்கு நக்கினான்.

என்ன ருசி என்று கேட்கத்தான் வந்தது.
"ஆ காட்டு" என்றேன்.