கரைவு

பகல் முழுக்க நான் குளிருக்குக் கணக்கெழுதுகிறவன்.
திருக்கடலூர்ப் பக்கம் ஐஸ் கொம்பனியில்
ஒரு கட்டி உறைய எத்தனை அலகு,
சூரை ஏறும் மாதத்தில் எத்தனை கட்டி,
எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது.
வெயிலில் போனது எவ்வளவு என்று
'கரைவு' என ஒரு தனி நிரலும் உண்டு.
முதலாளி அதை மட்டும் ஏனென்று கேட்பதில்லை.

பின்னேரம் சைக்கிளை உள்ளே ஏற்றினால்
குசினியில் அதே கணக்கு,
இந்தமுறை சூட்டுக்கு.

உப்புவெளியில் விடுதியை மூடிவிட்டுப் போன வெள்ளைக்காரி
பெட்டிகூடப் பிரிக்காமல் பாதி விலைக்குக் கொடுத்த
குட்டிப் போறணை.
பழைய ரேடியோவைவிடக் கொஞ்சம் அகலம்.
"எண்ணூறு வாற்றுதான்" என்றாள் நிரஞ்சலா,
பிறந்த பிள்ளையின் நிறையைச் சொல்லும் மருத்துவிச்சியின் குரலில்.

மட்டைப்பெட்டியை வாசலில் வைத்தோம்.
விடிவதற்குள் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து
உத்தரவாத அட்டையையும் சேர்த்து
மூலையைத் தின்றுவிட்டது.
இனிப் பழுதானால் மானிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

சீதனத்தோடு வந்த பெரிய போறணை
மூன்று கேக்கை ஒரே வாயில் விழுங்கும்,
ஒரு கேக்குக்கும் அதே பசி.
இப்போது அதன் வயிற்றில் அரிசியும் பருப்பும்.
வீட்டில் எலி நுழையாத ஒரே அலுமாரி அது.

சின்னதற்கு எல்லாம் சின்னதாக வேண்டும்.
பாரையின் வால் வெளியே நின்றது,
நறுக்கிக் குழம்புக்குப் போட்டோம்.
ஏழு அங்குலத்துக்கு மேல் ஓடர் கேட்கிறவர்களிடம்
"ரெண்டு சின்னனாத் தரட்டா?" என்று
சிரிக்காமல் கேட்கப் பழகிவிட்டாள்.

கேக்கை எடுத்ததும் கதவைப் படக்கென்று சாத்துவாள்.
மிச்சச் சூட்டில் கச்சான் வறுபடும்.
கச்சானுக்குப் பிறகு பாண் துண்டுகள்
நாளைய ரஸ்குக்குக் காயும்.
அதற்கும் பிறகு, மாரியில்,
டிலுக்சியின் ஈரச் சப்பாத்து
திறந்த கதவின் முன்னால் குந்தியிருக்கும்.
றிஸ்மியா வட்டிலாப்பக் கிண்ணத்தோடு
மதிலுக்கு மேலால் எட்டுவாள்:
"இடம் இரிக்கா?"
வீட்டில் அல்ல, கேக்குக்குப் பக்கத்தில்.

மாதம் அறுபது.
அறுபத்தோராவது படியில் கால் வைத்தால்
ஏறி வந்த படியெல்லாம் திரும்பக் காசு கேட்கும்.
டிலுக்சி ஒவ்வொரு காலையும்
கலண்டரின் ஓரத்தில் மீற்றர் எண்ணை எழுதுகிறாள்,
காய்ச்சல்காரனின் சூட்டை எழுதுவதுபோல.

மீற்றர் பார்க்கிற பெடியன் வருவதற்கு முதல்நாள் இரவு
சரியாக அறுபது.
மெயினை இறக்கிவிட்டுப் படுத்தோம்.
காத்தாடி இல்லை. கடல் காற்றும்
அன்றைக்கென்று வேறெங்கோ போயிருந்தது.
வியர்வையில் பாய் முதுகோடு எழும்பியது.

எத்தனை மணியென்று தெரியாது.
குசினியில் செம்மஞ்சள் வெளிச்சம்.
மெயினை ஏற்றியிருக்கிறாள்.
நிலத்தில் சம்மணமிட்டு
கண்ணாடிக்கு முன்னால், படம் பார்க்கிறவள்போல.
உள்ளே ஒரு பணிஸ்.
ஒன்றே ஒன்று.
மெல்ல முதுகை நிமிர்த்திக்கொண்டிருந்தது.

"ஆற்ற ஓடர்?" என்றேன்.
"ஒருத்தற்றயும் இல்லை" என்றாள், திரும்பாமல்.
"எனக்கு."

பதினொரு வருடமாக அவள் வீட்டில் சுட்ட எதிலும்
நடுத்துண்டு அவளுக்கு வந்ததில்லை.
இதை நான் எந்த நிரலில் எழுதியிருந்தேன்?
பக்கத்தில் இருந்தேன்.
பாதி தரட்டா என்று அவள் கேட்டாள்.
வேண்டாம் என்றேன்.
பிறகு ஒரு நுனி மட்டும் வாங்கினேன், பொய் சொல்லக்கூடாது.

காலையில் பெடியன் மீற்றர்ப் பெட்டியைத் துடைத்துப் பார்த்து
அறுபத்தொன்று என்றான்.
டிலுக்சி என்னைப் பார்த்தாள்,
கலண்டரைப் பார்த்தாள்,
பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தாள்.

நான் பென்சிலை வாங்கி
அந்த ஒன்றுக்கு நேரே எழுதினேன்:
கரைவு.