ஈயம்

மதுநிஷாவுக்கு ஒன்றரை வயசில்
மொத்தம் ஆறு சொல்.
ம்மா. காக்கா. பூ. டாட்டா.
ப்பா என்றால் செல்போன்.
ஆறாவது, ஈயம்.

நீடாமங்கலம் தாண்டிக் கொள்முதல் நிலையத்தில்
நான் சாக்கு தைக்கிறேன்.
அவள் காலிச் சாக்குக் கட்டின்மேல்.
மீட்டரில் ஒரு கை நெல் போட்டுப் பார்த்து
பில் போடுகிறவர் பொழுதுக்கும் சொல்வது அதைத்தான்:
ஈரம்.
சொன்ன மாத்திரத்தில் எதிரில் நிற்பவர் முகம் மாறும்,
வந்த டிராக்டர் பின்னால் நகரும்.
எல்லாம் பார்த்திருக்கிறாள்.
ர மட்டும் வரவில்லை.

இட்லியைத் தள்ளிவிட்டு, ஈயம்.
மொறுமொறு முறுக்கை நீட்டினால் அதற்கும்.
திருப்பூரிலிருந்து மூன்று மாசம் கழித்து வந்து
அவள் அப்பா தூக்கப் போனபோது
நெஞ்சில் கை ஊன்றிச் சொன்னாள், ஈயம்.
அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தலை சொட்டச் சொட்ட நிற்கையில்
இதுடி ஈரம், என்பேன்.
துண்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள்.
ஒப்பமாட்டாள்.

நேற்று விடியக்காலம் மழை.
நாலு நாளாய்க் காத்துக்கிடக்கும் சேரன்குளத்துக்காரர்
நனைந்த குவியலைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்.
தத்தித் தத்திப் போனவள்
அவர் நெல்லிலேயே ஒரு பிடி அள்ளி
அவரிடமே நீட்டினாள்.
ந்தா.

இந்தக் களத்தில் யாரும் யாரிடமும்
இந்தா என்று சொல்லி நான் கேட்டதில்லை.
எங்கே எடுத்தாளோ.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.
ரெண்டு கையையும் ஏந்தி வாங்கி
வேட்டி மடியில் போட்டுக்கொண்டார்.
உள்ளே பில் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது.
ஊசியைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தேன்,
கையிலேயே வைத்துக்கொண்டு.