417 அ, 417 ஆ

அரை மணித்தியாலம் வாயில் எதுவும் போடக்கூடாதென்று
போனில் சொல்லித்தான் இருந்தேன்.
பிலோமினா வெற்றிலையோடு வந்து கதவைத் திறந்தாள்.
ஜம்பட்டா வீதிக்குப் பின் சந்து, இரண்டாம் மாடி.
கீழே யாரோ காஸ் சிலிண்டர் உருட்டுகிறார்கள்,
மேசையில் என் குழாய்கள் நடுங்குகின்றன.

கோடு வரைக்கும் துப்ப வேண்டும்,
நுரை கணக்கில் இல்லை.
எமிலியானாவின் எச்சில் தெளிவு.
வங்கியிலிருந்து நேரே வந்தவள்,
அடையாள அட்டை கழுத்தில் இன்னும் தொங்குகிறது.
பிலோமினாவுடையது சிவப்பு.
கொப்பளிக்கச் சொன்னேன். மூன்றாம் முறையும்
இளஞ்சிவப்பு.
குறிப்பில் எழுதினேன்: மாதிரி கறைபட்டது.

ஒரே கரு பிளந்து வந்தவர்கள்.
யோசிக்கும்போது இடது காதை இழுப்பதும் ஒரே மாதிரி.
முந்நூறு கோடி எழுத்தில்
அநேகமாக ஒன்றும் பிசகாது.

"ஏழு, இரண்டு, ஒன்பது, நான்கு.
பின்னாலிருந்து சொல்லுங்கோ."
எமிலியானா கண்ணை மூடிக்கொண்டு
எட்டு இலக்கம் வரைக்கும் போனாள்.
பிலோமினா நான்கில் நின்றாள்.
"இது காசா, கிலோவா?"
ரெண்டும் இல்லை அக்கா, வெறும் இலக்கம்.
"வெறும் இலக்கத்தை எவன் ஞாபகம் வைப்பான்?"

பேலியகொடையில் விடியப்பறம் மூன்று மணிக்கு
நுவரெலியா லொறி இறக்கும் கரட் மூட்டைக்கு,
அழுகல் போக, நாட்டாமைக் கூலி போக,
முந்தாநாள் கடன் போக,
சிங்களத்தில் கேட்டால் சிங்களத்தில்,
மருதானை நானாவுக்கு அவருடைய தமிழில்
வாயாலேயே விலை சொல்பவள்.
கல்குலேட்டரில் பற்றரி செத்து மூன்று வருஷமாம்.
அதற்கு என் தாளில் புள்ளி இல்லை.
நிறுத்துக் கடிகாரத்தை அமர்த்தினேன்.

டொக்டர் மிருணாளன் சொல்லுவார்,
புத்திக்கென்று ஒரு மரபணு கிடையாது என்று.
ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றும் உப்புக்கல் அளவு,
எல்லாம் கூட்டினாலும்
குழம்பின் ருசியில் கொஞ்சம்தான் பிடிபடுகிறது.
அதையும் புத்தியை அளந்து தேடவில்லை, அநேகமாக
எத்தனை வருஷம் படித்தாய் என்று கேட்டே தேடினார்கள்,
பத்து லட்சம் பேரிடம், குளிர் தேசங்களில்.
அங்கே தைத்த கோட்டு
இங்கே தோளில் நிற்காது.
சொல்லிவிட்டு, அடுத்த கட்டு படிவத்தை
என் கையில் தருவார்.

கேள்வி பன்னிரண்டு: கல்வி கற்ற ஆண்டுகள்.
எமிலியானா, பதினாறு.
பிலோமினா, எட்டு.
பேனாவை மூடினேன்.

"வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடிதான் இருந்தது."
நான் கேட்கவில்லை, எமிலியானாதான் சொன்னாள்.
"திங்கள் புதன் வெள்ளி நான். மற்ற நாள் இவள்.
கேற்றடியில் காலைத்தான் பார்ப்பார்கள்.
கணக்குச் சோதனை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது."

பிலோமினா ஜன்னலால் எட்டித் துப்பிவிட்டு வந்தாள்.
"விசர்க் கதை. எனக்குக் கால் பெருத்துப் போச்சு,
சப்பாத்து கொள்ளயில்ல. அவ்வளவுதான்."

படியிறங்க முன்
கதவடியில் என் செருப்பைத் தேடினேன்.
பக்கத்தில் அவர்களுடையது இரண்டு சோடி.
ஒன்று தோல், ஒன்று றப்பர்.
அளவு ஒன்று.

படிவத்தில் 'ஏன்' என்று ஒரு பெட்டி இல்லை.
குறிப்புக்கு விட்ட அரை அங்குலத்தை
வெற்றிலை ஏற்கனவே நிரப்பிவிட்டது.
இரட்டையரில் ஒருவருடையது கறைபட்டால்
சோடியே கழியும், அது விதி.
அழித்து எழுதலாமா என்று
கொட்டாஞ்சேனைச் சந்தி வரை யோசித்தேன்.

155இல் இருக்கை கிடைத்தது.
ஐஸ் பெட்டி மடியில்,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளே
இரண்டு குழாயும் முட்டிக்கொள்ளும் சத்தம்.
கொண்டக்டர் பெட்டியைப் பார்த்து, "மாளுத?" என்றான்.
ஓம், மீன்தான் என்று தலையாட்டிவிட்டு
மிச்சக் காசுக்குக் கையை நீட்டினேன்.