சுருக்க விசாரணை

பங்குனி. பாமணியாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.
மன்னார்குடி கோட்டாட்சியர் அலுவலகம், காலை பதினொன்று,
வேட்புமனு பரிசீலனை.
தேர்தல் நடத்தும் அலுவலர் நான்.

தையல்நாயகி, சுயேச்சை, வயது முப்பத்து நான்கு.
அரசியலமைப்பு அவளிடம் கேட்டது கொஞ்சம்தான்:
குடிமகளா, இருபத்தைந்து நிரம்பியதா,
புத்தி சுவாதீனமா, திவாலா,
அரசிடம் ஆதாயப் பதவி ஏதும் உண்டா.
எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.
"நூறு நாள் வேலையில் மஸ்டர் ரோல் எழுதுகிறார், ஐயா.
அதுவும் பதவிதான்."
"தையிலேருந்து சம்பளமே வரலைங்க" என்றாள்.
ஆதாயம் இல்லை என்று குறித்து
ஆட்சேபணையைத் தள்ளினேன்.
அறையே சிரித்தது. நானும்.

பிறகு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.
முன்மொழிந்த பத்துப் பேரில் ஏழாமவர்,
வைரக்கண்ணு, பின்சீட்டிலிருந்து இறங்கினார்.
உளுந்துச் செடி பிடுங்கிய கறை
விரலில் இன்னும் பச்சையாக.
"இது என் கையெழுத்து இல்லீங்க."
யாரையும் பார்க்காமல் சொன்னார்.
எழுத்து யாருடையது என்று நான் கேட்கலாம்.
கார் யாருடையது என்று கேட்க
கைப்புத்தகத்தில் பத்தி இல்லை.

"சித்தப்பா" என்றாள் தையல்நாயகி.
அவ்வளவுதான்.

பத்தில் ஒன்று போனால் ஒன்பது. ஒன்பது போதாது.
குடியரசுத் தலைவர் இல்லை, ஆளுநர் இல்லை,
தேர்தல் முடியும்வரை
எந்த நீதிமன்றமும் உள்ளே வராதபடி
முந்நூற்று இருபத்தொன்பதாவது பிரிவு
மதகை இறக்கி வைத்திருக்கிறது.
மதகுக்கு இந்தப் பக்கம்
ஒரு மேசை, ஒரு பச்சைப் பேனா, நான்.
இரண்டு லட்சத்துச் சொச்சம் வாக்காளர்கள்
அந்நேரம் எங்கெங்கோ வேலையாக இருந்தார்கள்.

டெபாசிட் திரும்பக் கிடைக்கும் என்று சொன்னேன்.
"கேஸ் எப்பங்க போடலாம்?"
"முடிவு வந்த பிறகு. நாற்பத்தைந்து நாளுக்குள்."
"எங்க கடைமடைக்கு வர்ற தண்ணி மாதிரி" என்றாள்,
"நாத்து கருகினப்புறம்."
கோபமாகக்கூடச் சொல்லவில்லை.
"காரணத்த எழுதிக் குடுங்க. தமிழ்ல."

எழுதினேன். நின்றபடியே உதடசைத்துப் படித்தாள்.
ஊர்ப் பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தது.
விரல் வைத்துக் காட்டினாள்.
திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.
மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.
வைரக்கண்ணு போக ஏனோ நேரமானது.
கார் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

மறுவாரம் சார்நிலைக் கருவூலத்திலிருந்து
என் வாகன வாடகைப் பட்டியல் திரும்பி வந்தது.
அன்றைய தேதியிட்டது.
சிவப்பு மையில் ஒரே வரி:
கையொப்பம் மாதிரியுடன் பொருந்தவில்லை.

வெயிலில் நடந்தே போனேன்.
ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று,
என்னைவிட இளைய ஒரு கணக்கரிடம்
இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது,
இது என் கையெழுத்துதான் என்று.