இலக்கத்தகடு

முதல் ஞாயிறு ஹெல்மெட்டோடுதான் நின்றேன்,
உவர்மலை ஏற்றத்தில்,
ஏழாம் விளக்கு இல்லத்தின் பச்சைக் கேற்றுக்கு எதிரே,
மதகில் ஒரு காலை ஊன்றியபடி.
கையில் பிஸ்கட் பெட்டி மட்டை:
‘இன்சுலினைப் பாதியாக்கச் சொன்னது யார்?’

அன்றைக்குப் பதினொரு பேர்.
வான் விற்ற காசு போன இடத்தைக் கேட்கக்
கிண்ணியாவிலிருந்து நளீர் நானா வந்திருந்தார்.
மகளை ஒரு மணித்தியாலம் பார்த்தால் போதுமென்று
சிங்களத்தில் எழுதியிருந்த சந்திமா
அதை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள்,
‘போதும்’ என்ற இடத்தில் தடக்கி.
உள்ளே ஓர்கன். கைதட்டல்.
தம்பியின் குரலைத் தேடினேன்.
எல்லாருக்கும் ஒரே குரலாயிருந்தது.

பிறகு ஒருவன் வெளியே வந்தான்.
ஒன்றும் பேசவில்லை. படமெடுத்தான்,
ஒவ்வொரு முகமாக, ஆறுதலாக,
கலியாண வீட்டுப் படக்காரனைப் போல.
கடைசியாக மோட்டார்சைக்கிளின் இலக்கத்தகடு.

பேசாமல் படமெடுப்பவன் யாரென்று
இந்த ஊரில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை.
மற்ற ஞாயிறு ஆறு பேர்.

செவ்வாய்க்கிழமை சட்டத்தரணியின் கடிதம்:
மானநட்டம் ஐம்பது இலட்சம்.
என் மானத்துக்கு யாரும் விலை கேட்டதில்லை,
அவர்களுடையது இவ்வளவு போகுமென்று
எனக்கும் தெரியாது.
பாமசி முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே,
‘பிள்ளை, நான் ஒண்டும் சொல்லேல்ல.
ஆனா அவையும் எங்களிட்டத்தானே பனடோல் வாங்கினம்’ என்றார்.
அடுத்த கிழமை என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்து
பின்னறையில் பெட்டி எண்ண விட்டார்.
வீட்டுக்காரிக்குத் திடீரென்று
மாத முடிவுக்குள் அறை தேவைப்பட்டது.
நளீர் நானா வரவில்லை.
சந்திமா வந்தாள், மட்டை இல்லாமல்,
ரோட்டின் அந்தப் பக்கத்தால்
குடை பிடித்து நடந்து போனாள்.
அவளைப் பிழை சொல்ல மாட்டேன்.
அவளுடைய மகள் உள்ளே.

இரவு இரண்டு மணிக்குப் போன் வரும்.
ஒரு பெண், நல்ல குரல்,
எனக்காகச் செபிப்பாள்.
நான் பூட்டும் கதவுக்காக, என் பிரேக்குக்காக,
இறக்கத்தில் நான் திரும்பும் வளைவுக்காக.
மூன்றாம் இரவு என்னைச்
‘சில்லறை’ என்று கூப்பிட்டாள்.
அந்தப் பெயர் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.
நான் ஒருத்தி.

பொலிசில் கேட்டார்கள்:
அடித்தார்களா?
இல்லை.
மிரட்டினார்களா?
செபித்தார்கள்.
எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை மூடினார்.

ஐந்தாம் ஞாயிறு நான் மட்டும்.
எங்கிருந்தோ இறங்கி வந்த புள்ளிமான் ஒன்று
பழத்தோல் என்று நினைத்தோ என்னவோ
மட்டையின் மூலையைக் கடித்து,
கேள்விக்குறியைத் தின்றுவிட்டுப் போனது.
‘சொன்னது யார்’ மட்டும் மிச்சம்.
சிரிப்பு வந்தது. ஹெல்மெட்டுக்குள்
சிரித்தால் மூச்சுப் படிந்து
கண்ணாடி மங்கும்.

அப்போது கேற் திறந்தது.
இந்த முறை படமெடுக்க அனுப்பியிருந்தது
அவனைத்தான்.
சந்தன நிறச் சேட். கழுத்துப் பட்டனும் பூட்டியிருந்தும்
இரண்டு விரல் இடைவெளி.
மணிக்கூடு முழங்கை வரை வழுகி வழுகி ஏறியது.
போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான்.
பயம் எனக்குத்தான் வந்தது, அவனைப் பார்த்து.
அவனுடைய உதடு வெடித்திருந்ததை
பாமசிக்காரி கண்டாள்,
அக்கா பிறகுதான் கண்டாள்.

ஹெல்மெட்டைக் கழற்றினேன்.
தலைமயிர் எல்லாம் வியர்வை.
‘வடிவா எடு, யதுகுலன்.
தண்ணி நிறையக் குடிக்கிறியோ?
ராவில எத்தனை தரம் எழும்புறாய்?’

பதில் சொல்ல
அவனுக்கு அனுமதி இருக்கவில்லைப் போல.
முகத்தை எடுத்தான். மட்டையை எடுத்தான்.
பிறகு இலக்கத்தகட்டை எடுக்கக் குனிந்தான்,
நிமிர
நேரமெடுத்தது.