வயிற்றில் புளி

மேலப்பாளையத்தில் ஆறு நாளைக்கொருமுறை தண்ணீர்.
தாமிரபரணி கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது,
பாளையங்கால்வாய் ஊரின் முதுகை உரசிக்கொண்டு போகிறது,
ஆனாலும் வீட்டுக்கு வீடு நீல டிரம்.
குழாய் எப்போது செருமும் என்று
காதை மட்டும் விழிக்கவைத்துத் தூங்குகிற ஊர்.

நான் டிரம்மைத் திறந்து பார்க்கிறவள்.
டார்ச் அடித்தால் போதும்,
காற்புள்ளி காற்புள்ளியாகத் தொங்கிக்கொண்டிருந்ததெல்லாம்
நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடும்.
தினக்கூலி. போன மாதக் காசு இன்னும் வரவில்லை.
கதவுக்குப் பின்னால் ஒட்டிய அட்டையில்
தேதி, புழு உண்டு, புழு இல்லை,
கீழே என் கையெழுத்து: முப்பிடாதி.
ஆயிரத்து நூறு வீட்டில் என் பெயர் இருக்கிறது,
ஒருவரும் வாசித்ததில்லை.

இந்த ஐப்பசிக்குப் புதிதாய் ஒரு பொடி தந்தார்கள்.
தவிட்டு நிறம். பொட்டலத்தைப் பிரித்தால்
மூன்றாம் நாள் மாவின் வாடை.
மண்ணில் கிடக்கிற பாக்டீரியாதான் என்றார்
சூப்பர்வைசர் அருள்ராஜ். படம் போட்டுக் காட்டினார்.
அதன் உடம்புக்குள் கற்கண்டு மாதிரி ஒரு சில்லு.
அது கரைய காரம் வேண்டுமாம்.
புழுவின் வயிறு காரம்.
நம் வயிறு புளி.
அங்கே கரைந்து குடலைப் பொத்தலாக்கும்,
இங்கே வந்த வழியே போய்விடும்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
காய்ச்சல் வருஷத்தில் இந்தத் தெருவில்
எந்த வயிற்றில்தான் புளி கரையவில்லை?

ஜொகரா பீவி டிரம்மின் மேல் கை வைத்துக்கொண்டாள்.
"கிருமியாலதான் எம்புள்ள ஹைகிரவுண்டுல ஒம்போது நாள் கிடந்தான்.
நீ கிருமியவே பொட்டணம் கட்டிக் கொண்டாந்திருக்கே."

மனப்பாடம் செய்திருந்த பதில் மூன்று.
மூன்றும் வாய்க்கு வரவில்லை.
அவள் அடுப்படியில் மாவுச்சட்டி
மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது.
அதைக் காட்டிக் கேட்டிருக்கலாம்,
இதைப் பொங்க வைக்கிறது யாரென்று.
பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

"ஒரு சிட்டிகை வச்சுட்டுப் போ," என்றிருந்தாள்,
அதுவும் காகிதத்தை நீட்டி, கையில் வாங்காமல்.

மூன்றாம் நாள் போனேன்.
ஜன்னல் விளிம்பில் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்.
இரண்டின் வாயிலும் பழைய துப்பட்டாக் கிழிசல்,
ரப்பர் வளையம் போட்டு.
ஒன்றில் பொடி. அடியில் கறுப்பு நூலாய்ப் படிந்து கிடந்தன.
மற்றதில் வெறும் தண்ணீர்.
ஐந்தாறு கூனிக்கொண்டு கூடாகியிருந்தன.
ஒன்று, தான் கழற்றிய தோலின் மேலேயே நின்று
வெள்ளைப் பட்டை போட்ட கால்களைக்
காய வைத்துக்கொண்டிருந்தது.

"ரெண்டுலயும் பத்துப் பத்து, எண்ணித்தான் விட்டேன்.
இதுல ஒண்ணும் மிஞ்சல. அதுல ஒண்ணும் சாவல."

என்னை நம்பவில்லை அவள்.
என்னைவிட நல்ல காரியம் செய்திருந்தாள்.
பிறகு டிரம்மின் மூடியை அவளே எடுத்தாள்,
நான் குனிந்து கரைத்து ஊற்றும்போது சொன்னாள்:
"ஃப்ரிட்ஜுக்குப் பின்னால ஒரு தட்டு உண்டு.
போன தடவை நீ அதைப் பாக்கல.
பாக்காமலே 'இல்லை'ன்னு எழுதிட்டே."

ஆமாம். எழுதியிருக்கிறேன்.
ஒரே ஒரு வீட்டில் அட்டையை வாசித்திருக்கிறார்கள்.

இரண்டு வாரத்தில் பொடியின் வீரியம் போய்விடும்,
மறுபடி நான் வர வேண்டும்,
நான் வர மறுபடி ஆர்டர் வர வேண்டும்.
எந்தக் கொசுவும் ஆர்டருக்குக் காத்திருப்பதில்லை.

ராத்திரி கருங்குளத்தில், என் வீட்டில்,
கை கழுவத் தண்ணீர் மோந்தவள்
என்னவோ தோன்றி டார்ச் அடித்தேன்.
என் டிரம்மிலும் காற்புள்ளிகள்.
முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை.
வயிற்றில் புளி கரைகிறது.
வேலைப் பையைத் தலைகீழாய்த்
தட்டிப் பார்க்கிறேன்.